கட்டாத வேப்பிலை

ஆடி 4, புதன்

காற்று. காலையில் பெருக்கிய வாசலில் பத்து மணிக்குள் மறுபடியும் மண். மலை உச்சி தெரியவில்லை, ஒரே புழுதி. குழாயில் ஆறு குடம்தான் கிடைத்தது.

வாங்க: கேழ்வரகு 2 படி, மஞ்சள், சிவப்பு மை, இவர் மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கணபதி வழியில் பிடித்துக்கொண்டார். தெரு மாரியம்மன் கோவிலுக்கு விழாக் குழுத் தலைவர். இந்த வருஷமும் அவர்தான், வேறு யாரும் கேட்பதில்லை. கூரையை எடுத்துவிட்டுத் தளம் போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பதினைந்தாம் தேதி கூழ் ஊற்றும்போது ஒரு நோட்டீஸ் கொடுக்க வேண்டுமாம். அதில் கோவில் வரலாறு ஒரு பக்கம். எழுத வேண்டியது நான்.

“டீச்சர் கையெழுத்துன்னா பிரஸ்காரன் தப்பில்லாம அடிப்பான். அம்மை வந்த வருஷத்த எழுதுங்க. அங்கங்க போட்டு எடுத்துச்சு, நம்ம தெருவுல மட்டும் ஒரு உசுரு போவல. அம்மா காப்பாத்துனா. அத்த எழுதுங்க.”

“பர்வீன்?” என்றேன்.

யோசித்தார். நடிப்பில்லை, உண்மையாகவே ஞாபகம் வரவில்லை. பிறகு, “ஓ, மெத்தைக்கார பாய் வூட்டுப் பொண்ணா. அவங்க நம்ம கோவிலுக்கு வர்றவங்க இல்லீங்களே. அதுவுமில்லாம அங்கேருந்துதான டீச்சர் வந்துச்சு? உங்க சேகருக்கே அங்கேருந்துதான ஒட்டுச்சு?”

தலையாட்டினேன். பன்னிரண்டு வருஷமாகத் தலையாட்டிப் பழக்கம்.

ஆடி 5, வியாழன்

குழாயடியில் கேட்டவை:

“அந்த வருஷம் அம்மா மஞ்சப் பொடவை கட்டிக்கினு தெருக்கோடி வரைக்கும் வந்துட்டு, நம்ம தெருவப் பாத்துட்டுத் திரும்பிட்டாளாம். எங்க மாமியார் கண்ணால பாத்துது.”

“அம்மை இல்லடி, அது காலரா. தீபத்துக்கு வந்தவங்க கொண்டாந்தது.”

“நாலு பேர் செத்தாங்க. எனக்கு நல்லா ஞாபகம் கீது.” (இவள் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்தே ஐந்து வருஷம்.)

மூன்று பேருக்கும் முட்டை மார்க். சரியான விடை தெரிந்தவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

வகுப்பில் இன்று சும்மா சட்டைக் கையைத் தூக்கச் சொன்னேன். ஒண்ணாம் வகுப்பில் பாதிப் பேர் கையில் அம்மை குத்திய தழும்பு இல்லை. இப்போது குத்துவதே இல்லை. பெரியம்மை உலகத்திலேயே கிடையாது என்கிறார்கள். நகராட்சிச் சுவரில் எழுதியிருந்த ‘பெரியம்மை கண்டால் உடனே தெரிவிக்கவும்’ என்பதில் ‘உடனே’ மட்டும் மிச்சம். மற்றதன்மேல் சினிமா போஸ்டர்.

ஆடி 6, வெள்ளி

நோட்டீஸுக்கு நாலு வரி எழுதினேன், அடித்தேன். மறுபடி நாலு வரி. அடித்தேன்.

சாப்பிட்ட பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்த வருஷத்து நோட்டை எடுத்தேன். ஓரத்தில் கரையான். உள்ளே எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. தின்றிருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தேன் என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

அதிலிருந்து அப்படியே:

‘பங்குனி 9. தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்வந்ததிலிருந்து சேகர் சோர்வு. இன்று உடம்பு கொதிக்கிறது. மோர் வாங்கவில்லை.’

‘பங்குனி 12. முகத்தில் நாலு முத்து. மார்பில் மூன்று. யாரிடமும் சொல்லவில்லை. வேப்பிலை கட்டவில்லை.’

‘பங்குனி 14. கழுநீருக்கு வந்தவள் உள்ளே வந்துவிட்டாள்.’

‘பங்குனி 27. பர்வீனுக்குக் காய்ச்சலாம்.’

‘சித்திரை 8. போய்விட்டாள்.’

அவ்வளவுதான். மற்ற நாட்களில் எல்லாம் உப்பு, புளி, சம்பள நாள். நானா இதை எழுதினேன் என்று இருக்கிறது. கையெழுத்து கணபதி சொன்ன மாதிரி அழகாகத்தான் இருக்கிறது.

ஆடி 7, சனி

சேகர் வேலூரிலிருந்து வந்தான். தோல் கம்பெனி ஆபீஸில் ஒரு வாரம் லீவு சொல்லியிருக்கிறான். பத்தொன்பது வயசு, இன்னும் துண்டைக் கட்டில்மேல்தான் போடுகிறான். கத்தரிக்காய் வதக்கல், ரசம். மூன்று தடவை சோறு வாங்கினான்.

சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். “அம்மா, ரூமுக்கு மெத்தை வாங்கலாம்னு போனேன். கடைக்காரர் எந்த ஊருன்னு கேட்டாரு. சொன்னேன். எந்தத் தெருன்னு கேட்டாரு. அப்புறம் நெத்தியப் பாத்துட்டு, நீ டீச்சரம்மா மகன் சேகரான்னு கேட்டாரு. நம்ம ரஹ்மான் பாய்மா.”

என் கையில் ரசக் கரண்டி.

“ஜைத்தூன் அம்மாவும் இருந்தாங்க. டீ போட்டுக் குடுத்தாங்க. அடுத்த வியாழக்கெழம இங்க அவங்க அண்ணன் பொண்ணு நிக்காஹ்வாம். வெள்ளிக்கெழம உன்ன வந்து பாக்கணும்னு சொன்னாங்க. ஏதோ பேசணுமாம்.”

நமக்கு ஆடியில் கல்யாணம் இல்லை, அவர்களுக்கு உண்டு. இது எனக்கு எப்படி மறந்தது?

ஆடி 8, ஞாயிறு

சேகரிடம் கேட்டேன், அம்மை போட்டிருந்தது ஞாபகம் இருக்கிறதா என்று. காய் நறுக்கிக்கொண்டே, ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

“நல்லா இருக்கு. கீழ்பென்னாத்தூர்ல மாமா வீட்லதான இருந்தேன். கயித்துக் கட்டில். ஜன்னல்ல எருமை தலைய நீட்டும். மல்லாட்டை வறுக்குற வாசனை வரும்.”

அவன் கீழ்பென்னாத்தூருக்குப் போகவே இல்லை. பின் அறையில், ஜன்னலைச் சாக்கால் மூடி வைத்து, ஒரு மாசத்துக்கு மேல் இருந்தான். எருமை, கயிற்றுக் கட்டில், வேர்க்கடலை வாசனை எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தவை. யாராவது கேட்டால் இப்படிச் சொல் என்று தினமும் பாடம் வைத்தேன். மனப்பாடம் ஆகிவிட்டது. நல்ல டீச்சர்.

எழுந்து போனவன் திரும்பி வந்து, “அங்க ஒரு சின்னப் பொண்ணு பக்கத்துல உக்காந்து புளியங்கொட்டை ஆடுனா. ஒத்தையா ரெட்டையான்னு கேப்பா. யாரும்மா அது? மாமாவுக்கு ரெண்டும் பையனுங்க ஆச்சே.”

“யாராவது பக்கத்து வீடா இருக்கும்” என்றேன்.

கத்தரிக்காய் கறுத்துப் போனது. தண்ணீரில் போடவில்லை.

ஆடி 9, திங்கள்

பள்ளிக்கூடத்துக்கு லீவு சொன்னேன். தலைவலி என்று. எதற்கும் ஒரு பொய் தயாராக இருக்கிறது.

ஒரு தடவை முழுதாக எழுதிவிடுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள்.

எனக்குப் பத்து வயசில் என் தம்பி பழனிக்கு அம்மை வந்தது. மாட்டு வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே, அம்மை கண்டவர்களை ஒதுக்கி வைக்கும் கொட்டாய்க்குக் கொண்டுபோனார்கள். வண்டி திரும்பி வந்தது, அவன் வரவில்லை. சேகர் முகத்தில் முத்தைப் பார்த்ததும் எனக்கு அந்த வண்டிச் சக்கரம்தான் ஞாபகம் வந்தது. ஊசிக்காரர்கள் வேப்பிலை கட்டிய வீடாகப் பார்த்து வருகிறார்கள் என்று பேச்சு. அதனால் கட்டவில்லை. வாசல் வெறுமையாக இருந்தால் உள்ளே ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம்.

பர்வீன் ரஹ்மான் பாய்க்கும் ஜைத்தூனுக்கும் பிறந்த மகள். ஐந்து வயசு. எதிர் வீடு. அவர்கள் வளர்த்த ஆட்டுக்குத் தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டில்தான் அரிசி களைந்த கழுநீர் வாங்கிப் போவாள், இடுப்பில் ஒரு சின்னச் சட்டியுடன். அம்மை கண்ட வீட்டிலிருந்து நெருப்பு, தண்ணீர், எதுவும் வெளியே கொடுக்கக் கூடாது. வேப்பிலை இருந்தால் யாரும் படி ஏற மாட்டார்கள். அது அந்தக் குழந்தைக்கும் தெரியும். முந்தைய வருஷம் கணபதி வீட்டில் சின்னம்மை வந்தபோது, சட்டியோடு வாசல் வரை போய், வேப்பிலையைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பியவள். எங்கள் வாசலில் பார்க்க ஒன்றும் இல்லை. வந்தாள்.

நான் கிணற்றடியில். சேகர் உள்ளேயிருந்து கூப்பிட்டிருக்கிறான், மூன்று நாள் தனியாகப் படுத்திருந்த பிள்ளை. நான் திரும்பி வரும்போது அவன் பாயில் உட்கார்ந்து புளியங்கொட்டை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

அப்போதாவது அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். அன்றைக்கே ஊசி போட்டிருந்தால் தப்பித்திருப்பாள். இது எனக்குப் பிறகு தெரிந்ததல்ல. அப்போதே தெரியும், ஐந்தாம் வகுப்புச் சுகாதாரப் பாடத்தில் நானே நடத்தியது.

என்ன செய்தேன்? சட்டியில் கழுநீரை ஊற்றி, கன்னத்தைப் பிடித்து, “சேகர் இங்க இருக்கான்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது. கேட்டா ஊர்ல இருக்கான்னு சொல்லணும். சரியா?” என்றேன். தலையாட்டினாள். ஒரு துண்டு வெல்லம் கொடுத்தேன்.

பதின்மூன்று நாள் கழித்து அவளுக்கு வந்தது. அவளைத்தான் கொட்டாய்க்குக் கொண்டுபோனார்கள்.

தெரு முழுக்க வேப்பிலை கட்டிக் கதவைச் சாத்தியது. ஊசிக்காரர்கள் வீடு வீடாக வந்தார்கள். அம்மை போட்ட குழந்தையின் படத்தைக் காட்டி, இந்த மாதிரி யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை, மகன் கீழ்பென்னாத்தூரில் இருக்கிறான் என்றேன். அப்போதும் நான் வேப்பிலை கட்டவில்லை. எல்லா வாசலிலும் இருந்தது, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், ஆனாலும் கை வரவில்லை. கட்டினால் ஒப்புக்கொண்ட மாதிரி.

ஒரு மாசம் கழித்து சேகரை வெளியே விட்டேன். நெற்றியில் நாலு தழும்பு. “அந்தப் பொண்ணோட ஆடிட்டு ஊருக்குப் போனான், அங்க போய் லேசாப் போட்டுச்சு” என்று சொன்னேன். ஒருத்தரிடம்தான் சொன்னேன். தெருவுக்கு அது போதும். முதலில் அவள், பிறகு இவன் என்று ஆகிவிட்டது.

அதன்பிறகு பாய் தைத்த மெத்தையில் படுக்க ஊரில் ஆள் இல்லை. ஆறு மாசத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு வேலூர் போனார்கள். ஆட்டை மட்டும் விட்டுப் போனார்கள். அதைக்கூட யாரும் பிடித்துக் கட்டவில்லை. கொஞ்ச நாள் வாசல் வாசலாகக் காய்ந்த வேப்பிலையைத் தின்றுகொண்டு திரிந்தது.

கை வலிக்கிறது.

ஆடி 11, புதன்

இட்லி மாவு பொங்கவில்லை. சேகர் சட்டைக்குப் பித்தான் தைத்தேன். குழு ஆட்கள் வாசலுக்கு வாசல் வேப்பிலைக் கட்டு போட்டுப் போகிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டுமாம். எங்கள் கட்டு தவலையில் கிடக்கிறது.

இவர் ரிஜிஸ்தர் ஆபீஸிலிருந்து வந்ததும் சொன்னேன், ஜைத்தூன் வந்தால் சொல்லிவிடப் போகிறேன் என்று. இவருக்கு எல்லாம் தெரியும். ஜன்னலுக்குச் சாக்கு கட்டியதே இவர்தான்.

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார். “சொன்னா உனக்குப் பாரம் கம்மியாகும். அவளுக்கு என்ன கெடைக்கும்?”

மனுஷர் முப்பது வருஷத்தில் வாயைத் திறப்பதே அபூர்வம், திறந்தால் இப்படி.

கணபதி வந்தார். “டீச்சர், சனிக்கெழம காலைல பிரஸ்ஸுக்குப் போவணும்.” சரி என்றேன்.

ஆடி 13, வெள்ளி

பள்ளிக்கூடத்தில் கணக்கெடுப்பு, வர நாலு மணி. தெருவில் எல்லா வாசலிலும் வேப்பிலை. எங்கள் கட்டு இன்னும் தவலையில். கட்டலாம் என்று முக்காலியை எடுத்துப் போடும்போது தெருமுனையில் ஜைத்தூன் வருவது தெரிந்தது. முக்காலியை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

முகத்திரையைத் தூக்கிவிட்டு வாசலிலேயே நின்றாள். பருத்திருக்கிறாள். முன்பல் ஒன்று இல்லை. சிரிப்பு அதேதான். வாசல் நிலையை நிமிர்ந்து பார்த்து, “இன்னிக்கும் உங்க வாசல்தான் காலியா இருக்கு அக்கா” என்றாள்.

பாயைப் போட்டேன். உட்கார்ந்தாள். கல்யாண வீட்டு இனிப்பு கொண்டுவந்திருந்தாள். வேலூர் பேச்சு, கடைப் பேச்சு, அங்கே போய்ப் பிறந்த இரண்டாவது பெண் ஆறாவது படிக்கிறாளாம். நான் காப்பி போட்டேன். இரண்டு தடவை சர்க்கரை போட்டுவிட்டேன் போல, ஒன்றும் சொல்லாமல் குடித்தாள்.

பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன்.

“கொட்டாயிலேருந்து வெறுங்கையோட வந்தேனே அக்கா, அன்னிக்கு இந்தத் தெருவுல நொழையறேன். எல்லா வாசல்லயும் வேப்பல. எல்லாக் கதவும் சாத்திருக்கு. உங்க வாசல் மட்டும் வெறும் வாசல். இவங்க நம்மளப் பாத்து பயப்படலன்னு நெனச்சேன். அத்த நான் மறக்கல. அவருகிட்ட எத்தினி வாட்டி சொல்லியிருப்பேன்.”

காலி டம்ளரை எடுத்து ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

“கொட்டாயில என் மடிலதான் கெடந்தா. காய்ச்சல்ல ஒளறுவா. என்னைக் கேக்கல, அவங்க வாப்பாவக் கேக்கல. ‘சேகர் ஊர்ல இருக்கான், சேகர் ஊர்ல இருக்கான்’ இதேதான் கடைசி வரைக்கும். அவ்ளோ பாசம் உங்க புள்ளமேல.”

ஐந்து வயசுக் குழந்தை. ஒரு துண்டு வெல்லத்துக்கு.

அப்போது பார்த்து சேகர் வெளியிலிருந்து வந்தான். “வாங்கம்மா” என்று பக்கத்தில் உட்கார்ந்தான். ஜைத்தூன் அவன் நெற்றியைத் தடவினாள், நாலு தழும்பையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். தொட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். “எங்க வூட்லேருந்துதானப்பா உனக்கு வந்துச்சு. உனக்கு எதுனா ஆயிருந்தா நான் எங்க போயி நின்னுருப்பேன். பன்னெண்டு வருஷமா நெஞ்சுல கெடக்குது. கடைல உன்னப் பாத்ததுலேருந்து தூக்கமில்ல.” என்னிடம் திரும்பிக் கையைப் பிடித்துக்கொண்டாள். “மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லுங்கக்கா. அதுக்குத்தான் வந்தேன்.”

சொல்லியிருக்க வேண்டும். அந்த இடம்தான். பன்னிரண்டு வருஷம் காத்துக்கொண்டிருந்த இடம் அதுதான். வாயைத் திறந்தேன்.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல ஜைத்தூன். விடு. நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்” என்றேன்.

நான். அவளை.

சேகர், “நான் நல்லாத்தாம்மா இருந்தேன், கீழ்பென்னாத்தூர்ல மாமா வீட்ல” என்று எருமைக் கதையை ஆரம்பித்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துச் சிரித்துக் கேட்டாள். இவர் அறைக் கதவருகில் நின்றிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

போகும்போது, “மனசு லேசாச்சு அக்கா” என்றாள். நாளைக்குப் பத்து மணி பஸ்ஸில் வேலூர் திரும்புகிறாளாம்.

ஆடி 14, சனி

காலை ஏழு. காற்று நின்றுவிட்டது. மலை அடிவாரம் வரை தெளிவாக இருக்கிறது. பால் அரைப்படி, கடலை மாவு வேண்டும்.

கணபதி வந்தார். தாளைக் கொடுத்தேன். கோவில் கட்டியது, தளம் போட்டது, எல்லாம் ஒழுங்காக எழுதி, கடைசியில் மூன்று வரி: ‘அந்த வருஷம் இந்தத் தெருவில் ஒரு குழந்தை இறந்தது. பெயர் பர்வீன், வயது ஐந்து. நோய் முதலில் வந்தது அவள் வீட்டுக்கு அல்ல.’

நின்றபடியே படித்தார். கடைசி வரியை இரண்டு தடவை படித்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “எடம் பத்தாது டீச்சர்” என்றார். எடுத்துவிடுவார். தெரியும்.

சேகர் இன்னும் தூங்குகிறான். அவனிடம் அப்புறம்தான். யாரிடம் முதலில் என்று ஒரு வரிசை இருக்கிறது. ஒரு தடவை அதை மாற்றியதே போதும்.

இவருக்கும் பதில் கிடைத்துவிட்டது. “அவளுக்கு என்ன கெடைக்கும்னு கேட்டீங்களே. மன்னிப்புக் கேக்க வேண்டியவ அவ இல்லன்னு தெரியும்” என்றேன். பேப்பரைக் கீழே வைத்தார். “நானும் வரட்டுமா?” என்றார். வேண்டாம் என்றேன்.

தவலையில் கிடந்த வேப்பிலை பாதி வாடிவிட்டது. முக்காலி போட்டு ஏறிக் கட்டினேன். இலை கொஞ்சம் உதிர்ந்தது, மிச்சம் நின்றது.

கல்யாண வீடு இரண்டு தெரு தள்ளி. அந்த வருஷத்து நோட்டு பையில். ஜைத்தூனுக்குத் தமிழ் படிக்க வராது. நான்தான் வாய்விட்டுப் படிக்க வேண்டும்.